அழுக்கு ஃபில்டர்தான் நல்ல ஃபில்டர்! தெரியுமா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய எவ்வளவு காற்று வேண்டும், தெரியுமா? ஒன்பதாயிரம் லிட்டர்! எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். அதை எரிக்க ஏறக்குறைய 11 கிலோ காற்று. காற்றுக்குப் போய்க் கிலோக்கணக்கா என்று சிரிக்க வேண்டாம். பங்க்கில் காசு கொடுத்துப் போடுவதைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிறோம். ஓசியில் உள்ளே போவது அதைவிடப் பதினைந்து மடங்கு எடை! அந்த ஓசிச் சரக்கோடு என்னென்ன சேர்ந்து போகிறது என்று காவல் காக்கும் வேலையை ஏர் ஃபில்டர் என்ற மடித்து வைத்த ஒரு காகிதத்திடம் விட்டிருக்கிறோம்.

அதுவும் எந்த எஞ்சினில்! சாலையில் போகிற காரில் என்றால் பரவாயில்லை. அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் புல் வளர்த்து, அதை வாரா வாரம் வெட்டுவதற்கென்றே ஒரு குட்டி டிராக்டர் வைத்திருக்கிறார்களே, ரைடிங் மோவர், அதில். ஸ்டியரிங், சீட்டு எல்லாம் உண்டு; வயிற்றுக்கு அடியில் கத்திகள் சுழலும். அந்த நாட்டுப் புல்தரைகளை, கோல்ஃப் மைதானங்களையும் சேர்த்து, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005-இல் மதிப்பிட்டார்கள். சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர் என்று நாசா எழுதியது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,060 சதுர கிலோமீட்டர்தான்! கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை வெறும் புல்லாக நினைத்துப் பாருங்கள். சாப்பிட முடியாத பயிர். ஆனால் அங்கே தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் பரப்பளவில் முதலிடம் அதற்குத்தானாம்.

இப்போது மோவரின் மூச்சுக்கு வருவோம். சாதாரண ஒற்றை சிலிண்டர் மோவர் எஞ்சின், 500 சிசி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 3,600 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கும்; அப்படியானால் நிமிடத்துக்கு 1,800 மூச்சு, வினாடிக்கு முப்பது! கணக்குப்படி நிமிடத்துக்கு 900 லிட்டர். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பாது என்று கழித்தாலும், முழுச் சுமையில் 700 லிட்டர் தேறும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றுதான் இழுக்கிறார். ஆக, நூறு பேர் விடுகிற மூச்சை ஒரு புல்வெட்டி தனியாக விடுகிறது!

சரி, இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? இங்கேதான் வேடிக்கை. தான் மூச்சு விடும் இடத்தில் தானே புழுதி கிளப்பும் இயந்திரம் இது. மோவர் கத்தியின் நுனி எவ்வளவு வேகம் போகலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் ஒன்று வரம்பு வைத்திருக்கிறது: நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்குச் சொன்னால் சுமார் 347 கிலோமீட்டர்! நம் வந்தே பாரத்தின் வேகத்தை இரட்டித்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். அந்தக் கத்தி புல்லை வெட்டுவதோடு நிற்பதில்லை. மின்விசிறி மாதிரி காற்றை மேலே இழுத்துப் படுத்த புல்லை நிமிர்த்தி நிற்கவைத்து வெட்டுகிறது. கூடவே மண், காய்ந்த சருகு, மகரந்தம் எல்லாம் எழும்பும். ஜூன் மாதம் நடுமேற்கு மாநிலங்களில் காட்டன்வுட் மரங்கள் பஞ்சு பறக்கவிடும். வலைபோட்ட எந்தத் துவாரத்தையும் அது கம்பளிபோல மூடிவிடும். ஆகஸ்டில் டெக்சாஸில் புல் காய்ந்து வெறும் புழுதி. அக்டோபரில் உதிர்ந்த இலைகளை மோவராலேயே தூளாக்குகிறார்கள். ஃபில்டருக்கு ஓய்வு பனிக்காலத்தில்தான், அப்போதும் வேறொரு தொல்லை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

புழுதி என்றால் அப்படி என்ன பெரிய ஆபத்து? மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. கத்தி செய்யும் எஃகு சுமார் 5.5. அலுமினியம் மூன்றைக்கூடத் தொடாது. பிஸ்டன் எதில் செய்கிறார்கள்? அலுமினியத்தில்! கண்ணுக்குத் தெரிகிற பெரிய மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடியே அதிகம் பயப்பட வேண்டியது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான். தலைமுடி 70 மைக்ரான் இருக்கும். அந்தப் படலத்தின் கனத்துக்குச் சரியாகப் பொருந்தும் தூசி உள்ளே புகுந்து இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ராவுகிறது. எண்ணெய் குறைகிறது, நீலப்புகை வருகிறது, இழுவை போகிறது. வண்டி பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஃபில்டர் காகிதம் ஒரு சல்லடை, ஓட்டையைவிடப் பெரியது மாட்டும், சிறியது தப்பும் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? கிடையவே கிடையாது! காகிதத்தின் துளைகளைவிட மிகச் சிறிய தூசியும் அதில் மாட்டுகிறது. கனமான துகளுக்குக் காற்றோடு வளைந்து திரும்ப முடியாது; நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துகள் வளைந்து போகும்போதே இழையை உரசி மாட்டும். மிக மிகச் சின்னதோ, காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டே போகும். தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஒரு இழைமேல் விழும். அதனால் பெரியதும் தப்பாது, மிகச் சிறியதும் தப்பாது! பிடிக்கச் சிரமமானது இடைப்பட்டதுதான். மருத்துவமனைகளில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர்களைச் சோதிக்க 0.3 மைக்ரானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுவே.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த சங்கதி. புத்தம் புது ஃபில்டர்தான் எல்லாவற்றையும்விட மோசமாக வடிகட்டும், தெரியுமா? ஆமாம்! புதுக் காகிதத்தில் இழைகள் மட்டும்தான் இருக்கின்றன. ஓடத் தொடங்கி மேலே மெல்லிய தூசிப் படலம் படிந்த பிறகு, அந்தத் தூசியே அடுத்து வரும் தூசியைப் பிடிக்கிறது. நம் வீட்டுக் காப்பி ஃபில்டரில் டிகாக்‌ஷனை வடிக்கும் வேலையில் பாதியை அடியிலிருக்கும் துளைத்தட்டு செய்வதில்லை, அமுக்கி வைத்த பொடியே செய்கிறது, அதே கதைதான். ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் தூசியில் பெரும்பகுதி அது புதிதாக இருக்கும் முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது. அப்படியானால் வாரா வாரம் கழற்றித் தட்டித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் மகராசன் என்ன செய்கிறார்? ஒவ்வொரு வாரமும் அந்த மோசமான முதல் மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்! அளவுக்கு மீறிய பராமரிப்பே எஞ்சினைத் தின்கிறது. அடிக்கடி திறக்கும்போது ரப்பர் விளிம்பு கசங்குவதும், மூடியில் ஒட்டியிருந்த மண் சுத்தமான பக்கத்தில் உதிர்வதும் தனிக் கொசுறு.

அதைவிடக் கொடுமை கம்ப்ரஸர். நம் ஊர் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் குழாயைப் பிடித்துப் புஸ்ஸென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசி மேகமாகப் பறக்கும். வண்டிக்காரருக்கு மனசு நிறைந்துவிடும். அமெரிக்க மோவர்களில் அதிகம் காணப்படும் எஞ்சின் பெயர்களான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர் இரண்டும் தங்கள் கையேடுகளில் அச்சடித்தே சொல்கின்றன: காகித ஃபில்டரில் காற்றடிக்காதே, கழுவாதே. காரணம் எளிது. காற்றின் வேகத்தில் காகித இழைகள் விலகி, கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. மற்ற எல்லா இடத்திலும் தூசி அடைத்திருக்க, காற்றுக்கு அந்தக் கிழிசல் ராஜபாட்டை. கெட்டித்தரையில் மெல்லத் தட்டி, உதிர்வதை உதிரவிட்டு, மிச்சத்தை அப்படியே விட வேண்டும்; அதற்கும் மசியவில்லை என்றால் புதுசு வாங்க வேண்டும், அவ்வளவே. பெரிய மண்வாரி இயந்திரங்களின் ஃபில்டர்களுக்குக் குறைந்த அழுத்தத்தில், உள்பக்கமிருந்து வெளியே ஊதலாம் என்று சிலர் அனுமதி தருவதுண்டு. அந்தச் சலுகை மோவருக்கு இல்லை.

கோலர் என்றதும் எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதா? அதே கோலர்தான்! சென்னையிலும் பாத்ரூம் ஷோரூமில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற அதே பெயர். 1873-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. குளியல் தொட்டிக்காரர்கள் 1920 வாக்கில் எஞ்சின் பக்கமும் இறங்கினார்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனும் அதே விஸ்கான்சின்தான், மில்வாக்கியில் 1908-இல் பிறந்தது.

ஒரே மாநிலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. காகித ஃபில்டரின்மேல் சட்டைபோலப் போட்டிருக்கும் ஸ்பாஞ்சு, அதாவது ஃபோம், அதை வைத்துத்தான் சண்டை. கழுவ வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், முறுக்கிப் பிழியாமல் அமுக்கி எடுத்து நிழலில் உலர்த்தல். உலர்ந்த பிறகு? கொஞ்சம் புது எஞ்சின் ஆயில் விட்டு, அதிகப்படியை அமுக்கி எடு என்கிறது கோலர். ஆயில் விடவே விடாதே என்கிறது பிரிக்ஸ்! காகிதமே இல்லாமல் ஃபோம் மட்டும் உள்ள சின்ன எஞ்சின்களிலோ ஆயில் இல்லாவிட்டால் ஃபில்டரே இல்லை என்று அர்த்தம். தூசி ஒட்டுவது அந்தப் பிசுக்கில்தான். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று செய்தால் வம்பு. எஞ்சின்மேல் என்ன பெயர் இருக்கிறதோ அந்தக் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். பெட்ரோலில் அலசுவது இரண்டு பேருக்குமே ஆகாது, தீ பிடிக்கும்.

அந்த ஃபோம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் வாயைப் பிளப்பீர்கள். வெடி வைத்து! பாலியூரித்தேன் நுரை இறுகும்போது ஒவ்வொரு குமிழிக்கும் மெல்லிய சவ்வு இருக்கும். அப்படியே விட்டால் காற்று புகாது. அதனால் பெரிய கட்டிகளை ஒரு இரும்பு அறைக்குள் அடைத்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிரப்பிப் பொறி தட்டுகிறார்கள். ஒரு கணத் தீயில் சவ்வுகள் மட்டும் உருகிப் போய், எலும்புக்கூடு மாதிரி வலை மிஞ்சுகிறது. பல உயர்தர ஃபில்டர் ஃபோம்கள் இந்த வழியில் தயாராகின்றன. ஆனால் ஆயுசு சொற்பம். வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் ஃபோம் மக்கி, விரல் பட்டதும் பாகு கெட்ட அதிரசம்போல் உதிரும். தூசியைத் தடுக்க வைத்ததே துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போகும்.

ஃபில்டர் உளவும் சொல்லும், தெரியுமா? காகிதம் எண்ணெயில் ஊறியிருந்தால் குற்றவாளி வெளியில் இல்லை, உள்ளே. எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் பெரும்பாலும் ஃபில்டர் பக்கமாகவே வந்து சேர்கிறது. யாரோ ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் போய், அழுத்தம் கசிந்து எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில், விளிம்பை ஒட்டி, மெல்லிய தூசிக்கோடு ஒன்று தெரிந்தால் அது இன்னும் மோசம். காகிதம் நல்லபடி வேலை செய்கிறது, ஆனால் காற்று ரப்பர் விளிம்பைச் சுற்றிக் குறுக்குவழியில் போகிறது. அப்போது ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. மூடியும் உட்காரும் இடமும் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைவு என்று அளவு சற்றே மாறின ஃபில்டரை அமுக்கிப் பொருத்துகிறவர்கள் இந்தக் கோட்டைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் செலவு ஏறும் என்பது நிஜமா? பாதி நிஜம்! அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் கார்களில் சோதித்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் நவீன கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் மாறவில்லை. வேகமெடுப்பது மட்டும் மந்தமானது. பழைய கார்புரேட்டர் கார்களில்தான் ஃபில்டரை மாற்றினால் இரண்டு முதல் ஆறு சதவீதம் லாபம் கிடைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. மோவர்களில் பெரும்பாலானவை இன்னும் கார்புரேட்டர்தான்! காற்று குறையக் குறையக் கலவையில் பெட்ரோல் ஓங்கும். கரும்புகை, கருத்த ஸ்பார்க் பிளக், ஈரப்புல்லில் திணறல். அதற்காக ஃபில்டரைக் கழற்றிவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். எஞ்சின் சில சமயம் பின்னோக்கி வெடித்துக் கார்புரேட்டர் வழியாகத் தீ நாக்கு நீட்டும்; அதைத் தடுத்து நிற்பதும் அந்த ஃபில்டர் பெட்டிதான். சத்தத்தைக் குறைப்பதும் அதுவே.

இத்தனை வேலை செய்யும் பொருள் டிராக்டர்களுக்கு வந்ததே ஒரு சேல்ஸ்மேனின் கவலையால்! 1915-இல் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், புழுதியால் எஞ்சின் திரும்பத் திரும்பப் போகிறது என்று புலம்பிய ஒரு விவசாயிக்காக, கம்பிக்கூண்டு ஒன்றில் துணி சுற்றிக் காற்றுக்குழாய் மேல் கட்டினார். மினசோட்டாவில் அவர் தொடங்கிய கம்பெனி இன்று உலகெங்கும் ஃபில்டர் விற்கிறது. பிறகு எண்ணெய்க் கிண்ணத்தில் காற்றை முக்கி எடுக்கும் ஆயில்பாத் வகை வந்தது. நம் கிராமங்களில் பழைய டிராக்டரிலும் டீசல் பம்ப்செட்டிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்க மணலுக்குப் பயந்து ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மோவாய்க்கு அடியில் ஒரு பெரிய ஃபில்டர் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். எஞ்சின் பிழைத்தது, விமானத்தின் வேகம் போயிற்று! எகிப்தின் அபுகிர் தளத்து மெக்கானிக்குகள் சின்னதாக ஒன்றைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஃபில்டரைச் சோதிக்கத் தூசி எங்கே வாங்குவார்கள்? கடையில்! அரிசோனாவின் சால்ட் ரிவர் பள்ளத்தாக்கில் டிராக்டர்களுக்குப் பின்னால் எழும்பிப் படிந்த புழுதியைச் சேர்த்துச் சலித்து விற்பதில் தொடங்கியது அந்த வியாபாரம். இன்று அரிசோனா தூசிக்குச் சர்வதேசத் தர எண்ணே உண்டு: ஐஎஸ்ஓ 12103. நைஸ், கொரகொரப்பு என்று ரகம் ரகமாகக் கிடைக்கிறது. புழுதியைக் காசு கொடுத்து வாங்குகிறது உலகம்.

புல்வெட்டியிலேயே ஊர்விட்டு ஊர் போனவர் கதை தெரியாவிட்டால் இந்தப் புல்வெட்டிப் பேச்சு முழுமையாகாது. 1994-இல் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரர், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க, அயோவாவின் லாரன்ஸ் ஊரிலிருந்து விஸ்கான்சின் வரை சுமார் 240 மைல் மோவரிலேயே போனார்! கண் சரியில்லாததால் கார் லைசென்ஸ் இல்லை. 1966-ஆம் ஆண்டின் ஜான் டியர் 110; மணிக்கு ஐந்து மைல்; ஆறு வாரம். வழியில் எஞ்சின் மக்கர் செய்து, ரிப்பேருக்குப் பணம் அழுதார். டேவிட் லிஞ்ச் இதை 1999-இல் படமாகவே எடுத்தார். நாள்கணக்கில் நெடுஞ்சாலை ஓரப் புழுதியில் ஓடிய அந்த மோவரின் ஃபில்டரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை, எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

எப்போது மாற்றுவது? ஃபோமை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவு, காகிதத்தை 100 மணி நேரத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை மாற்று என்பது பொதுக் கணக்கு; புழுதி அதிகமென்றால் முன்னதாகவே. புல்வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் பெரிய மோவர்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு காகித ஃபில்டர்கள் இருக்கும். உள்ளே இருப்பது காப்பு ஃபில்டர். அதைச் சுத்தம் செய்வது என்ற பேச்சே கிடையாது, மாற்றுவது மட்டும்தான். மாற்றிய நாளையும் மீட்டரில் காட்டும் மணியையும் மார்க்கரால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பிலேயே எழுதிவைப்பது நல்ல வழக்கம். டைரியைத் தேட வேண்டாம்.

இப்போது அந்தப் பனிக்காலத் தொல்லை. எலி! நவம்பரில் ஷெட்டில் நிறுத்திய மோவரின் ஃபில்டர் பெட்டி, எலிகளுக்கு மூடியும் மெத்தையும் போட்டுத் தயாராக இருக்கும் வாடகையில்லா வீடு. காகிதத்தைக் கடித்து மெத்தையாக்கி, விதைகளைச் சேமித்து, குடும்பம் நடத்தும். ஏப்ரலில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அந்தக் குப்பையை அப்படியே இழுக்கும். எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததும் கை தானாகக் கம்ப்ரஸரைத் தேடும், அங்கேதான் உயிராபத்து! வட அமெரிக்க மான்நிற எலியின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1993-இல் அமெரிக்கத் தென்மேற்கில் இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தபோது கண்டுபிடித்த நோய். காய்ந்த எச்சத்தை ஊதிக் கிளப்பினால் அது நேரே நுரையீரலுக்கு. கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக நனையவிட்டு, ஈரத்துணியால் வழித்தெடுத்து, ஃபில்டரையும் சேர்த்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பிறகு பெட்டிக்குள் விரலை விட்டுத் துடைத்து, கார்புரேட்டர் வாயில் ஒரு விதைகூட மிச்சமில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே புது ஃபில்டர்.